பிளிங்கர் இமைக்கவில்லையா? ஆஸிலேட்டர் பிழைகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' விதியை முதன்முறையாக நிரலாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று செல்களை ஒரே வரிசையில் வைத்து ஓட்டுகிறீர்கள். இதன் பெயர் பிளிங்கர்; ஆடி ஆடி அதே இடத்தில் பழைய நிலைக்கே திரும்பும் வடிவங்களான ஆஸிலேட்டர்களில் ஒன்று. அது படுத்து, நின்று, படுத்து, நின்று ஆட வேண்டும். ஆடவில்லை. உடனே நிரலைத் திறந்து வரி வரியாகத் தேட வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுங்கள். முதல் இரண்டு தலைமுறைகளில் (விதியைப் பலகை முழுவதற்கும் ஒரு முறை ஓட்டினால் ஒரு தலைமுறை, அதாவது ஓர் அடி) திரையில் என்ன வந்தது என்பதை அப்படியே அதில் வரையுங்கள். எந்தப் பிழைக்கு அந்த மூன்று செல்கள் எப்படிச் சாகின்றன என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவை விட்டுச்செல்லும் வடிவமே பிழையின் பெயரைச் சொல்லிவிடும். பல ஆண்டுகளாக மாணவர்களின் நிரல்களைப் பார்த்துவருகிறேன். பிளிங்கரை விட நல்ல சோதனைக் கருவி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

விதியை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். ஜான் கான்வே உருவாக்கிய இந்த விளையாட்டு, 1970 அக்டோபர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பகுதியின் வழியாக வெளியுலகுக்கு வந்தது. பலகை முழுவதும் கட்டங்கள்; ஒவ்வொரு கட்டமும் ஒரு செல், அது உயிரோடோ இறந்தோ இருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் மூலைவிட்டங்களையும் சேர்த்து எட்டு அண்டைச் செல்கள். உயிருள்ள செல்லுக்கு 2 அல்லது 3 உயிருள்ள அண்டைகள் இருந்தால் அது பிழைக்கும். இறந்த செல்லுக்குச் சரியாக 3 இருந்தால் அங்கே உயிர் பிறக்கும். மற்றதெல்லாம் சாவு. இதைச் சுருக்கமாக பி3/எஸ்23 என்று எழுதுவார்கள் (பி என்றால் பிறப்பு, எஸ் என்றால் பிழைத்தல்). பலகையில் உள்ள எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்பதும் விதியின் பகுதிதான். பெரும்பாலான பிழைகள் இந்த ஒன்றை மறப்பதால் வருகின்றன.

கீழே உள்ள படங்களில் ● உயிருள்ள செல், · இறந்த செல்.

அறிகுறி: படுத்த பிளிங்கர் இரண்டே அடியில் சதுரமாக உறைந்துவிடுகிறது. நிமிர்ந்த பிளிங்கர் ஒரே அடியில் மறைகிறது.

இதைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம். எந்தப் பலகையைப் படிக்கிறீர்களோ அதிலேயே எழுதிக்கொண்டும் இருக்கிறீர்கள்.

தொடக்கம்:

·····
·●●●·
·····

முதல் தலைமுறை:

··●●·
·●·●·
·····

இரண்டாம் தலைமுறை:

··●●·
··●●·
·····

என்ன நடந்தது? நிரல் மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகப் போகிறது. நடுச்செல்லுக்கு நேர் மேலே உள்ள செல்லுக்கு மூன்று அண்டைகள் இருப்பதால் அங்கே உயிர் பிறக்கிறது. இது சரிதான். ஆனால் நிரல் அந்தப் புதுச் செல்லை உடனே பலகையில் எழுதிவிடுகிறது. அதற்கு வலப்பக்கத்துச் செல்லுக்கு உண்மையில் இரண்டு அண்டைகள்தான். இப்போது பக்கத்தில் பிறந்த குழந்தையையும் சேர்த்து மூன்றாகிவிட்டது. அதுவும் பிறந்துவிடுகிறது. அடுத்த வரிசைக்கு வரும்போது நடுச்செல்லுக்கு அண்டைகள் நான்கு. இரண்டு அண்டைகளோடு பிழைத்திருக்க வேண்டிய அது நெரிசலில் சாகிறது. அடுத்த அடியில் இதே குழப்பம் நான்கு செல்களைச் சதுரமாக்குகிறது. சதுரம், அதாவது பிளாக், இந்தத் தவறான முறையிலும் நிலையானது. அதனால் அப்படியே நின்றுவிடுகிறது. நிமிர்ந்த பிளிங்கரில் மேல் செல் முதலில் சாகிறது, அந்தச் சாவைப் பார்த்து நடுச்செல் சாகிறது, அதைப் பார்த்துக் கீழ்ச்செல். ஒரே தலைமுறையில் பலகை காலி. நெடுக்கு வரிசைகளை முதலில் வலம்வரும் நிரல் என்றால் இந்த இரண்டு முடிவுகளும் இடம் மாறிவரும்.

தீர்வு இரண்டு பலகைகள். பழையதைப் படியுங்கள், புதியதில் எழுதுங்கள், முழுப் பலகையும் முடிந்த பிறகு இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"நான் இரண்டு பலகைதான் வைத்திருக்கிறேன், அப்போதும் சதுரம்தான் வருகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. பைத்தானில் எழுதுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். சமக்குறி போட்டு ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது. ஒரே பலகைக்கு இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். மேலோட்டமாக நகலெடுத்தாலும் வெளிப்பட்டியல்தான் புதியது. உள்ளே உள்ள வரிசைகள் பழையவையே. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே நகலெடுங்கள், அல்லது ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பலகையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு செல்லைத் தொட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடே எரிகிறது.

இதுவும் அதே குடும்பம். பலகையை [[0] * 20] * 20 என்று உருவாக்கியிருப்பீர்கள். அது இருபது வரிசைகளைத் தராது, ஒரே வரிசையை இருபது முறை காட்டும். ஒரு வரிசையில் வைத்த புள்ளி எல்லா வரிசையிலும் தெரியும். மடக்கு போட்டு வரிசைகளைத் தனித்தனியே உருவாக்கினால் சரியாகிவிடும்.

அறிகுறி: பிளிங்கர் கூட்டல் குறியாகிறது, பிறகு நான்கு மூலைப் புள்ளிகளாகிறது, பிறகு ஒன்றுமில்லை.

அண்டைகளை எண்ணும்போது செல் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறது. மூன்றுக்கு மூன்று சதுரத்தைக் கூட்டிவிட்டு நடுவிலுள்ளதைக் கழிக்க மறந்திருப்பீர்கள். அப்போது ஓரத்துச் செல்லின் கணக்கு 1 என்பதற்குப் பதில் 2 ஆகி, சாக வேண்டியது பிழைத்துவிடுகிறது. மேலும் கீழும் புதியவை பிறக்கின்றன. ஆக, கூட்டல் குறி. உறுதிப்படுத்த வேண்டுமானால் பிளாக்கை வையுங்கள். அதன் ஒவ்வொரு செல்லுக்கும் கணக்கு 4 ஆகிவிடுவதால் முதல் அடியிலேயே மொத்தமும் மறையும்.

அறிகுறி: பிளிங்கர் ஒற்றைப் புள்ளியாகி அணைகிறது. ஆனால் பிளாக் நன்றாக நிற்கிறது.

மூலைவிட்ட அண்டைகளை எண்ணவில்லை. நான்கு திசை மட்டும் பார்க்கும் நிரலில் பிளாக்கின் ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு அண்டைகள் இருப்பதால் அது தப்பிவிடுகிறது. அதை நம்பி "பாதி வேலை செய்கிறது" என்று நினைத்து வேறெங்கோ தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

அறிகுறி: பிளிங்கர், டோட், பீக்கன் போன்ற சிறு ஆஸிலேட்டர்கள் எல்லாம் அழகாக ஆடுகின்றன. பல்சார் என்ற பெரிய ஆஸிலேட்டர் மட்டும் சிதறுகிறது.

இந்த அறிகுறியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இது எல்லோரையும் ஏமாற்றும். மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, புதுப் பலகையைத் துடைக்காமல் விடுவது. உயிருள்ள செல்களை மட்டும் எழுதிவிட்டு, இறந்தவற்றை எழுதாமல் விட்டால், இரண்டு தலைமுறைக்கு முந்தைய எச்சம் அங்கேயே கிடக்கும். இரண்டு தலைமுறைக்கு ஒரு முறை பழைய நிலைக்குத் திரும்பும் பிளிங்கருக்கு அந்த எச்சமும் புதிதாக எழுதுவதும் ஒன்றேதான். ஒரு பலகையில் எப்போதும் படுத்த வடிவம், மற்றதில் எப்போதும் நின்ற வடிவம். பிழை கண்ணுக்கே தெரியாது. பல்சாரின் அலைவுக்காலம், அதாவது பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் தலைமுறைகளின் எண்ணிக்கை, 3. அதன் மூன்றாம் நிலை முதல் நிலையின் மேல் எழுதப்பட்டுக் கலந்துபோகும். அலைவுக்காலம் 2 உள்ளவற்றை மட்டும் வைத்து நிரலைச் சோதிக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கிளைடர் என்ற, மூலைவிட்டமாக நகர்ந்துகொண்டே போகும் வடிவத்தை ஓடவிட்டாலும் பின்னால் வால் நீள்வது தெரியும்.

இரண்டாவது, இடப் பற்றாக்குறை. பல்சாரை 48 செல்களாக வரையும்போது அது 13க்கு 13 கட்டத்தில் அடங்கும். அடுத்த தலைமுறையில் 56 செல்களாகி, நான்கு பக்கமும் ஒவ்வொரு கட்டம் வெளியே நீட்டி 15க்கு 15 கேட்கும். அதற்கடுத்து 72 செல்கள், பிறகு மறுபடி 48. வடிவத்தின் அளவுக்கே பலகையை வெட்டியிருந்தால் அந்த ஒரு கட்டம் இல்லாமல் முழுச் சமச்சீரும் உடையும். நான்கு பக்கமும் குறைந்தது ஐந்து கட்டமாவது வெறுமையாக விடுங்கள். 48, 56, 72 என்ற எண்ணிக்கை வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது வந்தால் உங்கள் பல்சார் சரி.

மூன்றாவது, கோப்பைப் படிப்பதில் உள்ள தவறு. வடிவங்களைப் பகிரும் ஆர்எல்இ கோப்புகளில் பி என்ற எழுத்து இறந்த செல், ஓ உயிருள்ள செல், டாலர் குறி வரிசை முடிவு, ஆச்சரியக்குறி கோப்பு முடிவு. எழுத்துக்கு முன் உள்ள எண் எத்தனை முறை என்பதைச் சொல்லும். டாலர் குறிக்கு முன்னாலும் எண் வரும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பல்சாரின் முதல் வரிசைக்குக் கீழே ஒரு வெற்று வரிசை இருக்கிறது. கோப்பில் அது 2 டாலராக நிற்கும். அந்த 2ஐ விட்டுவிட்டால் வெற்று வரிசை காணாமல்போய் வடிவம் நசுங்கிவிடும். இரண்டு இலக்க எண்களையும் சோதியுங்கள். 10 என்பதை 1, 0 எனத் தனித்தனியாகப் படிக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நடுவில் ஆடுகிறது, ஓரத்தில் சாகிறது.

பலகையின் மேல் விளிம்பில் படுத்த பிளிங்கரை வையுங்கள். அது எழுந்து நிற்க விளிம்புக்கு வெளியே ஒரு கட்டம் வேண்டும். அது இல்லாததால் முதல் அடியில் இரண்டு செல்கள், அடுத்த அடியில் எதுவுமில்லை. அதே விளிம்பை நுனியால் தொட்டபடி நிமிர்ந்து நிற்கும் பிளிங்கருக்கு ஒன்றும் ஆகாது, அதன் நடு உள்ளேதான் இருக்கிறது. இது நிரலின் பிழை அல்ல. முடிவில்லாத தளத்துக்காகச் சொல்லப்பட்ட விதியைச் சிறு பெட்டிக்குள் ஓட்டுவதன் விளைவு.

எதிரெதிர் விளிம்புகளை ஒட்டி, பலகையை வளையமாக்கினால் ஓரமே இருக்காது. ஆனால் வளையம் மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. 3க்கு 3 வளையத்தில் ஒரு பிளிங்கர் வைத்துப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு செல்லும் மற்ற எட்டுக்கும் அண்டை. முதல் அடியில் ஒன்பதும் உயிர்பெறும், அடுத்த அடியில் ஒன்பதும் சாகும். வளையத்தில் கிளைடர் ஒன்று சுற்றிவந்து, நீங்கள் மூலையில் வைத்த நல்ல ஆஸிலேட்டரை அரை மணி நேரம் கழித்து மோதி அழிப்பதும் நடக்கும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தது திடீரென்று உடைந்தால், உடைவதற்குப் பத்துத் தலைமுறைக்கு முந்தைய படத்தைச் சேமித்துப் பாருங்கள்.

பைத்தானில் இன்னொரு மறைவான சிக்கல் உண்டு. -1 என்ற சுட்டெண் கடைசி வரிசையைக் குறிக்கும். வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் மட்டும் சரிபார்த்துவிட்டு விட்டால் பலகை பாதி வளையம், பாதி சுவர் ஆகிவிடும். அதன் அடையாளம்: கீழ் விளிம்பில் பிளிங்கர் வைத்தால் மேல் விளிம்பில் ஒரு செல் ஒரு கணம் மின்னி மறையும்.

அறிகுறி: திரையில் எதுவும் அசையவில்லை, ஆனால் தலைமுறை எண் ஓடுகிறது.

ஒரு தாவலுக்கு எத்தனை தலைமுறை என்று பாருங்கள். எட்டு எட்டாகத் தாவினால் பிளிங்கரும், அலைவுக்காலம் 8 உள்ள 'ஃபிகர் எய்ட்'டும் சிலையாகத்தான் தெரியும். பல்சார் பின்னோக்கி ஆடுவதுபோல இருக்கும், 8ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2 என்பதால். 'கோலி' போன்ற மென்பொருளில் வேகத்தைக் கூட்டிவிட்டு மறந்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தாவலை 1 ஆக்குங்கள்.

அறிகுறி: அலைவுக்காலத்தைக் கணக்கிடும் பகுதி தப்பான விடை தருகிறது.

எப்படித் தப்பு என்பதைப் பொறுத்தது.

பிளிங்கர், டோட், கிளாக் என்ற மூன்று ஆஸிலேட்டர்களுக்கும் விடை 1 என்று வந்தால், உயிருள்ள செல்களின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். பிளிங்கரில் எப்போதும் 3, மற்ற இரண்டிலும் எப்போதும் 6. எண்ணிக்கை மாறாததால் அசையாப் பொருள் என்று நிரல் நினைத்துக்கொள்கிறது. முழு நிலையையும் ஒப்பிட வேண்டும்.

கிளைடருக்கு 4 என்று வந்து, அது ஆஸிலேட்டர் பட்டியலில் சேர்ந்துவிட்டால், ஒப்பிடுவதற்கு முன் வடிவத்தை மூலைக்கு நகர்த்திவிடுகிறீர்கள். நான்கு தலைமுறைக்குப் பின் கிளைடர் அதே உருவில், ஆனால் மூலைவிட்டமாக ஒரு கட்டம் தள்ளி இருக்கும். ஆஸிலேட்டர் என்றால் அதே இடத்துக்கே திரும்ப வேண்டும். வளையப் பலகையில் இதற்கு நேர்மாறான ஏமாற்றம் காத்திருக்கிறது. 64க்கு 64 வளையத்தில் கிளைடர் 256 தலைமுறையில் உண்மையாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். அலைவுக்காலம் 256 உள்ள புது ஆஸிலேட்டர் கிடைத்துவிட்டதாக மகிழ்வதற்கு முன் பலகையின் அளவை மாற்றி ஓட்டுங்கள். விடையும் கூடவே மாறினால் அது பலகையின் அலைவுக்காலம்.

டம்ளர் என்ற ஆஸிலேட்டருக்கு 14க்குப் பதில் 7 வந்தால், கண்ணாடிப் பிம்பத்தையும் சமமாக எண்ணுகிறீர்கள். அது ஏழு தலைமுறைக்கு ஒரு முறை தலைகீழாகும்.

கடைசியாக, விடையே வராமல் நிரல் முடிவின்றி ஓடுவது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பென்டாடெகத்லான். பத்துச் செல்களை ஒரே வரிசையில் வைத்தால் அலைவுக்காலம் 15 உள்ள அந்த ஆஸிலேட்டர் கிடைக்கும். சிறு வரிசைகள் எப்படி வளர்கின்றன என்று கான்வே தொடர்ந்து பார்த்தபோது கிடைத்தது இது. ஆனால் அந்தப் பத்துச் செல் வரிசை சுழற்சியின் உறுப்பு அல்ல. அடுத்த தலைமுறையில் அது 3க்கு 8 முழுச் செவ்வகமாகிறது, 24 செல்கள். அதுவும் சுழற்சிக்கு வெளியேதான். அதற்கடுத்து 18 செல்களாகும்போதுதான் சுழற்சிக்குள் நுழைகிறது:

··●●●●●●··
·●······●·
●········●
·●······●·
··●●●●●●··

உண்மையான சுழற்சியில் இதற்கு முந்தைய நிலை 22 செல்கள் கொண்டது, நடு வரிசையில் இரண்டு ஓட்டைகளுடன்:

●●●●●●●●
●·●●●●·●
●●●●●●●●

ஓட்டை உள்ளதும் இல்லாததும் ஒரே வாரிசைப் பெறுகின்றன. கட்டம் போட்ட நோட்டில் இரண்டையும் ஒரு முறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். இந்த விளையாட்டில் முன்னோக்கிப் போகும் வழி ஒன்றே, பின்னோக்கி வரும் வழி பல என்பது அப்போது விரலுக்கே புரியும். தொடக்க நிலையோடு மட்டும் ஒப்பிடும் நிரல், பத்துச் செல் வரிசை திரும்பி வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். அது வராது. பார்த்த எல்லா நிலைகளையும் தலைமுறை எண்ணோடு ஓர் அகராதியில் சேமியுங்கள். 17ஆம் தலைமுறை 2ஆம் தலைமுறையோடு பொருந்தும். வித்தியாசம் 15.

அறிகுறி: எளிய வடிவங்கள் எல்லாம் சரி. பெரியவை மட்டும் எங்கோ பிசகுகின்றன.

விதியை எழுதிய வரியைப் பாருங்கள். பிளாக்கும் பிளிங்கரும் பி36/எஸ்23 என்ற 'ஹைலைஃப்' விதியிலும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஆறு அண்டைகள் உள்ள இறந்த செல் அவற்றில் வருவதே இல்லை. "மூன்று அல்லது அதற்கு மேல்" என்று பிறப்பு விதியைத் தவறாக எழுதியிருந்தாலும் அவை காட்டிக்கொடுக்காது. ஆர்-பென்டோமினோவை ஓடவிடுங்கள். ஐந்தே செல்கள்:

·●●
●●·
·●·

போதுமான அளவு பெரிய பலகையில் இது 1103ஆம் தலைமுறையில் அமைதியடைய வேண்டும். அப்போது 116 செல்கள் இருக்கும்: 8 பிளாக், 6 கிளைடர், 4 பீஹைவ், 4 பிளிங்கர், போட், லோஃப், ஷிப் ஒவ்வொன்று. பீஹைவ், போட், லோஃப், ஷிப் நான்கும் பிளாக்கைப் போல அசையாத வடிவங்கள். விதியில் ஒரு சிறு தவறு இருந்தாலும் இந்த எண்கள் பொருந்துவது அரிது.

அறிகுறி: எனக்கு வேண்டிய அலைவுக்காலத்தில் ஆஸிலேட்டரே கிடைக்கவில்லை.

பலகையைத் தாறுமாறாக நிரப்பிக் காத்திருந்தால் கிடைப்பது பெரும்பாலும் பிளிங்கர்கள்தான், எப்போதாவது ஒரு பல்சார். மற்றவற்றைத் தேடிப் பிடித்தார்கள், அல்லது கட்டினார்கள். 2013இல் மைக் பிளேல் கண்ட 'ஸ்னார்க்', கிளைடரை 90 பாகை திருப்பிவிடும் அமைப்பு. கிளைடர்களுக்கு இடையே 43 தலைமுறை இடைவெளி இருந்தால் அதற்குப் போதும். நான்கு ஸ்னார்க்குகளை மூலைகளில் வைத்து நடுவே கிளைடர்களைச் சுற்றவிட்டு, 43 முதல் எந்த அலைவுக்காலத்தையும் உண்டாக்கலாம். அதற்குக் கீழே உள்ளவைதான் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. எஞ்சியிருந்த 19ஐ மிட்செல் ரைலியும் 41ஐ நிகோ பிரவுனும் 2023இல் கண்டுபிடித்தார்கள். எல்லா அலைவுக்காலமும் சாத்தியம் என்பதை அதே ஆண்டு டிசம்பரில் ஏழு பேர் சேர்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். 1970இல் எழுந்த கேள்விக்கு 53 ஆண்டுகள் கழித்துப் பதில் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது. ஆகவே பழைய பட்டியலில் 19 இல்லையென்றால் பட்டியல்தான் பழையது.

நீங்களே கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிளிங்கரையும் பல்சாரையும் தள்ளித் தள்ளி வைத்தால் பலகையின் அலைவுக்காலம் 6 என்று வரும், 2க்கும் 3க்கும் மீச்சிறு பொது மடங்கு என்பதால். ஆனால் அதில் ஒரு செல்கூட ஆறு தலைமுறைச் சுழற்சியில் ஆடவில்லை. அதை உண்மையான ஆஸிலேட்டராக யாரும் ஏற்கமாட்டார்கள். முழுப் பலகையின் விடையோடு நிற்காமல், ஒவ்வொரு செல்லும் எத்தனை தலைமுறைக்கு ஒரு முறை தன் வரிசையைத் திரும்பச் சொல்கிறது என்பதையும் நிரலில் கணக்கிடுங்கள். ஒரு செல்லாவது முழு எண்ணைக் காட்டினால் போதும்.